குதிகாலுக்கு வேலை இல்லாத கார்

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியும் என் நாத்தனார் என்னை ஒரு தடவைகூட அண்ணி என்று கூப்பிட்டதில்லை. "ஒயரு" என்பாள். நான் கார்களுக்கு வயரிங் வேலை செய்கிறவள், அவள் பல் டாக்டர். அவள் அண்ணனை நான் பார்ப்பதற்கு முன்பே நாங்கள் இருவரும் கார்ப் பந்தயத்தில் எதிரிகள். "என்னை ஜெயிச்சுக் காட்டு, அப்புறம் அண்ணிங்கறேன்" என்று கல்யாணத்தன்றே சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காக ஏங்கினேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏங்கினேன்.

இந்த வருடம் அவளுடைய பழைய கார் படுத்துவிட்டது. என் கணவரின் புதுக் காரையே இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஓட்டுவதாக ஏற்பாடு. கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை நிறுத்தியிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு ஓட்டம், நல்ல நேரம் எதுவோ அதுதான் கணக்கு.

முதலில் நான் போனேன். கடைசி வளைவு வந்தது. வலது காலின் முன்பகுதி பிரேக்கில், குதிகால் ஆக்சிலேட்டரில். வேகத்தைக் குறைத்துக்கொண்டே என்ஜினை ஒரு தடவை உறும வைத்துக் கீழ் கியருக்கு மாற்றினால் சக்கரம் உதறாது. பதினைந்து வருடமாக என் கால் தூக்கத்திலும் செய்கிற வேலை இது. ஆனால் என்ஜின் வாயே திறக்கவில்லை. கார் உதறி வழுக்கி நான்கு கூம்புகளைச் சாய்த்தது.

"என்ன ஒயரு, காரு உன் பேச்சைக் கேக்கலையா?" நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அடுத்து அவள் போனாள். ஐந்து கூம்பு.

"ரெண்டு பேருக்கும் ஒரே வியாதியா?" என்றார் என் கணவர், கையில் ஸ்டாப்வாட்சுடன். நாங்கள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார்.

அவள் கோபமாகத் தண்ணீர் குடிக்கப் போனாள். நான் லேப்டாப்பைக் காரோடு இணைத்தேன். திரையில் விஷயம் பளிச்சென்று இருந்தது. இந்தக் காரில் ஆக்சிலேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே கேபிள் கிடையாது. மிதி கம்ப்யூட்டரிடம் சொல்லும், கம்ப்யூட்டர்தான் என்ஜினிடம் சொல்லும். பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்தால், ஏதோ தெரியாமல் மிதித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பிரேக்கின் பேச்சை மட்டும் கேட்கிறது. எனக்கு வந்ததே ஆத்திரம்! எனக்கா மிதிக்கத் தெரியாது?

வழி சுலபம். நேர்ப் பாதையிலேயே பிரேக்கை முடித்துக் காலை எடுத்துவிட வேண்டும். பிறகு ஆக்சிலேட்டரில் ஒரே ஒரு தட்டு, கியர், வளைவு.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அண்ணி பட்டம் என் கைக்கு வந்துவிடும். லேப்டாப்பை மூடினேன். ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. கம்ப்யூட்டர் தயவில் கிடைத்த அண்ணி பட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

"ஏய் பல்லு, இங்க வா" என்று கத்தினேன். வந்து பார்த்தாள். வழியையும் சொன்னேன். திரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இரண்டாவது ஓட்டத்தில் கார் வழுக்கிக்கொண்டு போகவில்லை, மிதந்துகொண்டு போனது. எனக்கு ஐம்பத்தெட்டரை விநாடி. குதித்தேன். அவள் போய் வந்தாள். ஐம்பத்தெட்டேகால்.

கால் விநாடி! ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அவள் அந்தக் கடைசி வளைவை அவ்வளவு அழகாக எடுத்திருந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். "அண்ணி, அந்த லேப்டாப்பைக் குடுங்க. கால் விநாடியை எங்க விட்டீங்கன்னு பாக்கலாம்."

என் கணவர் ஸ்டாப்வாட்சைக் கீழே போட்டுவிட்டார்.

"ஜெயிச்சது நீதானேடி?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"தோத்துட்டுக் கூப்பிட்டா அது அபராதம், அண்ணி. இது நானா கூப்பிடறது."

அவளைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணியாக என் முதல் உத்தரவைப் போட்டேன். சாய்ந்து கிடந்த ஒன்பது கூம்பையும் அவள்தான் நிமிர்த்தி வைத்தாள்.