ஷாப்லியில் உறைபனி

மேற்கு மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தபோது மகாலட்சுமி திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டாள். புளிப்பு இன்னும் இறங்கவில்லை. இனிப்பு ஏறாமல் அறுத்தால் எடுக்கமாட்டேன் என்று கம்பம் வியாபாரி கர்ணன் கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் இந்தப் பருவத்தில் ஒரு கோடைமழை அடித்தால் போதும், பழம் வெடித்துக் குலை குலையாக அழுகிவிடும்.

கைபேசி அடித்தது. தம்பி முத்துக்குமரன். பிரான்சில் ஷாப்லி என்ற ஊரில் திராட்சை விவசாயம் படித்துக்கொண்டே ஒரு தோட்டத்தில் வேலை பார்க்கிறான். அங்கே இன்னும் விடியவில்லை. திரையில் இருட்டு, இருட்டுக்குள் வரிசை வரிசையாகத் தீ.

“ஏலே, தோட்டம் எரியுதா?”

“நாங்கதான்க்கா பத்தவச்சிருக்கோம். இப்பத்தான் துளிர் விட்டுருக்கு. பனி உறைஞ்சா அம்புட்டும் கருகிரும். அதான் மெழுகு டின்னக் கொளுத்தி அனல் காட்டுறோம்.” அவன் பல் கிடுகிடுத்தது.

பொங்கலுக்கு வந்தபோது அந்த ஊர் வெள்ளை ஒயினை அவன் கொண்டுவந்து காட்டினான். ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவள் முகத்தைச் சுளித்தாள். எலுமிச்சையைக் கல்லில் தேய்த்து நக்கியது மாதிரி இருந்தது. பழத்தின் இனிப்பெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டாள். நொதிக்கும்போது சர்க்கரை முழுக்கச் சாராயமாகிவிடும் என்றான். ஒரு காலத்தில் கடலடியாகக் கிடந்த சுண்ணாம்பு மண், வெட்டினால் சிப்பி சிப்பியாக வரும், அந்த மண்ணும் குளிரும்தான் அந்த ருசி என்றான். “அங்கன விளைஞ்ச சார்டொனேங்குற திராட்சையில செஞ்சாத்தான்க்கா ஷாப்லி ஒயினு. வேற மண்ணுக்கு அந்தப் பேரு கிடையாது.” அந்தப் புளிப்புத் தண்ணிக்காகவா குளிரில் நின்று சாகிறான் என்று இப்போது அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

“இங்கன மழை கூடுதுலே. அறுக்கவா, விடவா?”

“புளிப்பு இருந்தா இருந்துட்டுப் போகுது, அறுத்...”

யாரோ அலறினார்கள். திரை முழுக்கத் தீ. அழைப்பு அறுந்துவிட்டது.

திரும்பத் திரும்ப அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. “குமரா, எடுலே!” என்று கத்தினாள். கூலிக்கு வந்திருந்த பவுனு ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். “என்ன தாயி, யாருக்கு என்ன?”

“தெரியல பவுனு.” மலைப்பக்கம் இடி உருண்டது. “கத்திரிய எடு. எல்லாரையும் கூப்பிடு. அறுத்துருவோம்.”

ஒரு கையில் கைபேசி, மறு கையில் கத்திரி. காம்பை வெட்டும்போதெல்லாம் கண் திரைக்குப் போனது. பந்தலில் பாதிக்குமேல் அறுத்திருந்தபோது மழை சடசடவென்று இறங்கியது. பெட்டிகளை மோட்டார் அறைக்குள் இழுத்துப்போட்டார்கள். தகவல் கேட்டு வேனோடு வந்த கர்ணன் ஒரு பழத்தைக் கடித்துத் துப்பினார்.

“இந்தப் புளிப்ப யாரும்மா வாங்குவாக?”

“வெடிச்ச பழத்த யாரு வாங்குவாக? ஜூஸ் கம்பெனிக்காவது ஏத்துங்கண்ணே. என் தம்பி அங்கன என்ன ஆனான்னே தெரியாம நிக்கேன், இப்ப எங்கூடப் பேரம் பேசாதீக.”

கர்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். குனிந்து பெட்டியைத் தூக்கினார்.

வேன் கிளம்பியபிறகுதான் அழைப்பு வந்தது. திரையில் தம்பியின் வலது கை முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. “சட்டைக் கையில தீப்பிடிச்சிருச்சுக்கா. பக்கத்துல நின்னவுக பனிப்புல்லுல புரட்டி அணைச்சுட்டாக. பயப்படாத.”

அவள் ஓவென்று அழுதாள். அழுது முடித்து, “துளிரு?” என்றாள்.

“மேட்டுல தப்பிச்சிருச்சு. பள்ளத்துல பூராம் போச்சு.”

“வந்துருலே குமரா. நம்ம தோட்டம் இருக்கு.”

அவன் கட்டுப் போட்ட கையை இறக்கிக்கொண்டான். “நாளைக்கும் உறையுமாம்க்கா. ஆள் பத்தல. ஒத்தக் கையால டின்னாவது எடுத்துக் குடுக்கணும்.”

திட்டத்தான் வாயெடுத்தாள். “நெருப்புக்குப் பக்கத்துல போகாம தள்ளி நின்னு குடு,” என்றாள். மழை விட்டிருந்தது. மிச்சக் குலைகளைப் பார்க்கப் பந்தலுக்குள் நடந்தாள்.