தலைவரின் முழு நம்பிக்கை

"நம் பயிற்சியாளர் மீது எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது" என்று கிளப் தலைவர் தெயொதாட்டு காலை வானொலியில் அறிவித்தபோது, அன்செல்மோ ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கத்தி பாதி ரொட்டியிலேயே நின்றுவிட்டது.

முப்பத்தொரு வருடக் கால்பந்துப் பயிற்சியாளர் வாழ்க்கையில் இதற்கு முன் இருபத்தேழு கிளப்புகள் பார்த்தவர் அவர். அவற்றில் பதினெட்டு கிளப்புகளின் தலைவர்கள் இதே வாக்கியத்தை, ஏறக்குறைய இதே குரலில் சொல்லியிருக்கிறார்கள். சொன்ன மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வேலை போய்விடும். மற்ற ஒன்பது பேர் அந்த மரியாதையைக்கூடச் செய்யவில்லை, நேராகத் துரத்தினார்கள். ஒப்பந்தத்தில் என்னவோ டிசம்பர் வரை என்றுதான் இருக்கும். எல்லா ஒப்பந்தத்திலும் டிசம்பர்தான். அன்செல்மோ எந்த ஊரிலும் டிசம்பரைப் பார்த்ததில்லை. போட்டித் தொடர் ஒன்றை ஆரம்பித்தவரே முடித்து வைத்ததாகச் சரித்திரம் இல்லை.

"கேட்டியா?" என்றார்.

"கேட்டேன்" என்றாள் மனைவி இவொனெச்சி, காப்பி வடிகட்டும் துணியைப் பிழிந்தபடி. வழக்கமாக இந்த இடத்தில் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து பெட்டிகளை இறக்குவாள். இன்று துணியைக் கொடியில் போட்டுவிட்டு அங்கேயே நின்றாள்.

அப்போது போன் அடித்தது. ஜுராந்திரின் மனைவி நேவுசா. ஜுராந்திரும் பயிற்சியாளர்தான். போன வாரம்தான் பக்கத்து மாநிலத்தில் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"இவொனெச்சி, தப்பா எடுத்துக்காதடி. கிளப் குடுத்த அந்த வீட்ல குளிக்கிற தண்ணி சூடா வருமா? இவருக்கு முதுகு வலி."

"வரும். கைப்பிடியப் பாதிதான் திருப்பணும். முழுசாத் திருப்பினா ஃபியூஸ் போயிடும்."

"ஜன்னலுக்குத் திரை?"

"கூடத்துக்கு மட்டும் இருக்கு. எப்ப வர்றீங்க?"

"வியாழக்கிழமைன்னு சொல்லியிருக்காங்க. புதன்கிழமை மேட்ச் முடியட்டும்னு."

இதில் பகை ஒன்றும் கிடையாது. இரண்டு வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில் ஜுராந்திரின் நாற்காலியில் அன்செல்மோ போய் உட்கார்ந்தபோது, இவொனெச்சிதான் நேவுசாவுக்குப் போன் செய்து குளிர்பதனப் பெட்டி ஒழுகுமா என்று விசாரித்தாள். நாடு முழுக்க இருநூறு பயிற்சியாளர்கள் ஒருவர் சூடு ஆறாத கட்டிலில் இன்னொருவர் படுத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். புதிய திட்டம், புதிய யுகம் என்று பத்திரிகைகளில் வருவதெல்லாம் இதுதான்.

போனை வைத்துவிட்டு இவொனெச்சி சொன்னாள்: "நான் இந்தத் தடவ வரல."

"எங்க?"

"நீ அடுத்துப் போற எடத்துக்கு. நகராட்சிக் கூடத்துல தையல் வகுப்பு எடுக்க டிசம்பர் வரைக்கும் பேர் குடுத்திருக்கேன். பதினாலு பேரு. இன்னும் சட்டைக்குக் கை வைக்கவே கத்துக்கல. பாதியில விட்டுட்டு வர முடியாது."

"பாதியில விடறது என்ன புதுசா நமக்கு?"

"உனக்குப் புதுசில்ல. எனக்கும் அப்படியே இருக்கணுமா?" அவள் குரல் உயரவில்லை. "நான் சண்ட போடல, அன்செல்மோ. நீ போ. நான் இங்க இருக்கேன்னு சொல்றேன், அவ்வளவுதான்."

சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும். இருபத்தேழு உடைமாற்றும் அறைகளில் பழகியது அது. இப்படிச் சாந்தமாகச் சொன்னதை எந்தப் பக்கத்திலிருந்து தடுத்தாடுவது என்று புரியவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு தலைவரைப் பார்க்கக் கிளம்பினார்.

பெத்ரா மான்சா ஓடு சூளைகளின் ஊர். கிளப்பின் பெயரும் செராமிஸ்தா, சூளைக்காரன் என்று அர்த்தம். ஆனால் தலைவர் சூளைப் பக்கம் போனதே இல்லை, மெத்தை வியாபாரி. கடைக்கு மேல்மாடியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலிகளுக்கு நடுவே, தன்னுடைய மார்பளவுச் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சிலைக்கு முடி அதிகம்.

"தலைவரே, ஒரு வேண்டுகோள்" என்றார் அன்செல்மோ. "அந்த முழு நம்பிக்கையக் கொஞ்சம் திரும்ப எடுத்துக்க முடியுமா?"

"என்ன பேசறீங்க! தெயொதாட்டு ஒரு வார்த்த சொன்னா சொன்னதுதான்."

"அதான் பயமா இருக்கு. ரேடியோல என்னய நாலு திட்டு திட்டுங்க. 'ஒழுங்கா வேல பாக்கலன்னா தூக்கி எறிஞ்சிடுவேன்'னு சொல்லுங்க. நானும் நிம்மதியாத் தூங்குவேன்."

தலைவர் எழுந்தார். உட்கார்ந்துகொண்டு பேசினால் அவருக்குப் பேச்சு ஓடாது. செராமிஸ்தா என்பது ஒரு குடும்பம் என்றார். வரலாறு நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்றார். வரலாறு கவனித்துக்கொண்டிருந்தால் கடைசி ஆறு ஆட்டங்களில் எப்போதோ எழுந்து வீட்டுக்குப் போயிருக்கும் என்று அன்செல்மோ நினைத்துக்கொண்டார்.

"புதன்கிழம ஜெயிங்க. அப்புறம் யார் உங்கள அசைக்க முடியும்?" என்று முடித்தார் தலைவர்.

அதை அன்செல்மோ நம்பினார். அதுதான் அவருடைய தொழில் நோய். மூன்று ஆட்டங்கள் மிச்சம். புதன்கிழமை ஜெயித்து, அப்புறம் ஒரு டிரா எடுத்தால் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பலாம். தப்பினால் டிசம்பர். செவ்வாய்க்கிழமை முழுவதும் பத்துப் பேரைப் பின்னால் நிறுத்தி எப்படித் தடுப்பது என்று மைதானத்தின் செம்மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார்.

புதன் மாலை நாலு மணி வெயிலில் அது ஒரு அசிங்கமான ஆட்டம். எழுபத்தெட்டாவது நிமிடத்தில் எதிரணித் தடுப்பாளன் ஒருவனின் பின்புறத்தில் பட்டுத் திரும்பிய பந்து, அவர்களுடைய கோலுக்குள்ளேயே மெதுவாக, வெட்கப்பட்டுக்கொண்டு உருண்டு போனது. ஒன்றுக்குப் பூஜ்யம். ஆட்டம் முடிந்ததும் கோல்கீப்பர் ஓடி வந்து, "வாத்தியாரே! பொழச்சுட்டோம் வாத்தியாரே!" என்று அவரைத் தூக்கிச் சுற்றினான். அந்தச் சுற்றில் பார்வையாளர் வரிசை ஒருமுறை கண்முன் ஓடியது. ஐந்தாவது படியில் கறுப்புக் கண்ணாடியும் இழுத்துவிட்ட தொப்பியுமாக ஜுராந்திர். பாவம், பழக்க தோஷம், அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

தலைவர் மைதானத்தில் இறங்கி மைக்குகளைத் தேடிப் போனார். "முழு நம்பிக்கைன்னு சொன்னேனா இல்லையா?" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார். பிறகு அன்செல்மோவின் தோளில் கைபோட்டு, உடைமாற்றும் அறைக்குப் போகும் இடுக்கில் நிறுத்தினார்.

"ஒரு சங்கடம் ஆயிடுச்சு. நாளைக்கு மத்தியானம் புது கோச்சுக்கு விருந்து. மேயர் வர்றார். நாப்பது கிலோ இறைச்சி, அன்செல்மோ. உப்புத் தடவியாச்சு."

"நான் ஜெயிச்சேனே, தலைவரே."

"ஜெயிச்சீங்க! அதான் பெருமை. வெற்றியோட விடைபெறுறது எத்தன பேருக்குக் கெடைக்கும்? நீங்களும் வாங்க. ஜுராந்திர் கழுத்துல விசிலை நீங்களே மாட்டிவிட்டா பாக்க அழகா இருக்கும்."

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஜுராந்திர் காத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

"மன்னிச்சுக்கப்பா. நீ தோத்துடுவேன்னு நெனச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் அன்செல்மோ. இடது பக்கத் தடுப்பாளனுக்கு இடது கால் வராது என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வீட்டில் இவொனெச்சி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. நேவுசா போன் செய்து அழுதிருக்கிறாள். மேசை மேல் பதினாலு ஜோடி சட்டைக் கைகள் வெட்டி அடுக்கப்பட்டிருந்தன. அவர் சாப்பிட அவற்றைக் கொஞ்சம் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம், கிளப் வளாகத்தில் இருந்து இறைச்சிப் புகை ஊர் முழுக்கப் பரவியிருந்த நேரத்தில், அன்செல்மோ ரொட்டிக் கடையில் வாடகைக்கு வீடு விசாரித்துக்கொண்டு தோனா சுல்மீரா என்ற அம்மாளின் வீட்டுக்குப் போனார். அவள் வீட்டுப் பின்கட்டு காலியாக இருந்தது. அறுபது வயது, சூளைக்காரன் விதவை, இடுப்பில் சாவிக்கொத்து.

"நீங்க அந்த கோச்சுதானே?"

"நேத்து வரைக்கும்."

"கம்பி வேலிக்குப் பின்னாடி நின்னு உங்களக் கழுதன்னு கத்துறது நான்தான்."

"கொரல் தெரியுது. நல்ல கொரல்."

"நேத்து கத்தல."

"ஆமா. என்னமோ கொறையுதேன்னு பாத்தேன்."

அவள் சிரிக்காமல் கதவைத் திறந்தாள். ஓர் அறை, ஓர் அடுப்பு, சூளைப் புழுதி படிந்த ஒரு ஜன்னல். அன்செல்மோ சுவரைத் தட்டிப் பார்த்தார். தனக்கென்று வீடு பார்ப்பது இதுதான் முதல் தடவை. இதுவரை கிளப்புகள் பார்த்துக் கொடுத்த வீடுகள்தான். மற்றவர்கள் பேசி முடித்துச் சாவியை மட்டும் நீட்டுவார்கள்.

"எத்தன மாசத்துக்கு?" என்றாள் சுல்மீரா.

அவர் வாயைத் திறந்தார். சட்டைப் பையில் போன் நடுங்கியது. எடுத்துப் பார்த்தார். எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களே போதும்: வடக்கு, மழைக்காட்டு ஓரம். அங்கே ஒரு கிளப் போன ஞாயிற்றுக்கிழமை ஐந்து கோல் வாங்கியிருந்தது. அவர்கள் தலைவரும் வானொலியில் பேசியிருக்கக்கூடும்.

"டிசம்பர் வரைக்கும்" என்றார் அன்செல்மோ. முப்பத்தொரு வருடமாகக் கையெழுத்துப் போட்டுவந்த சொல், வாயால் சொல்லிப் பார்க்கும்போது கூச்சமாக இருந்தது.

"எடுக்கலியா? அடிக்குதே."

அவர் போனை ஜன்னல் திட்டில் வைத்தார். அது நின்றது. மறுபடி ஆரம்பித்தது. புழுதியில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு, சிணுங்கிச் சிணுங்கி, திட்டின் விளிம்பை நோக்கி விரற்கடை விரற்கடையாக நகர்ந்தது. சுல்மீராவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.