மூன்றாவது ஊதல்

என் கணவர் பஸ்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். வருடத்துக்கு ஒருமுறை பட்டறையில் குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதிப்பார்கள். போன வருடம் தட்டுத்தடுமாறித்தான் தேறினார். இந்த முறை தவறினால் பெயின்ட் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு கேட்டில் காவலுக்கு உட்கார வைத்துவிடுவார்கள். அதற்குச் சாவது மேல் என்று அவர் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நான்தான் அவரைச் சீகாங் என்ற சீன மூச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டேன். ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் ஒலி. நுரையீரலுக்கு 'ஸ்ஸ்ஸ்', கல்லீரலுக்கு 'ஷ்ஷ்ஷ்'. மூச்சை நூல் இழுப்பதுபோல் மெல்ல விட வேண்டும். கல்லீரலில்தான் கோபம் குடியிருக்கிறதாம்; அப்படியானால் இவருடையது அடுக்குமாடிக் குடியிருப்பு. ஆனால் எட்டு வாரமாக மனிதர் என்மேல் ஒருமுறைகூடக் கத்தவில்லை. எனக்கே போரடித்தது.

சோதனைக்கு நானும் கூடப் போனேன். பரிசோதிக்கும் பெண் ஒரே மூச்சில் வேகமாக ஊதச் சொன்னாள். இவர் கண்ணை மூடி, 'ஸ்ஸ்ஸ்' என்று பக்குவமாக விட்டார். இயந்திரத்தில் கோடு எழும்பவே இல்லை. முதல் நொடியில் எவ்வளவு காற்று வருகிறது என்பதுதான் கணக்காம். இரண்டாவது முறையும் அதே கதை. இன்னும் ஒரே ஒரு முறைதான் என்றாள்.

"என்மேல கத்துவீங்களே, அந்த மாதிரி ஊதுங்க," என்றேன்.

"கோவமே வர மாட்டேங்குது," என்றார் பரிதாபமாக.

அவருக்குக் கோபம் வரவழைக்கும் பேச்சு ஒன்று எனக்குத் தெரியும். அவர் அண்ணன் நாலு பேர் முன்னால் சொன்னது. பதினைந்து வருடமாக நான் அதைத் தொட்டதே இல்லை.

"உங்க அண்ணன் சொன்னது சரிதான். நீங்க எதுக்கும் லாயக்கில்ல."

ஊதினார். கோடு மேலே பாய்ந்தது. தேறிவிட்டார் என்று அந்தப் பெண் சிரித்தாள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் முன்னால் போய் உட்கார்ந்தார். நான் எழுந்துபோய், ஊத வைக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்றேன். தெரியும் என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

மறுநாள் காலை வழக்கம்போல் பால்கனியில் நின்றார். 'ஸ்ஸ்ஸ்' சீக்கிரமே முடிந்துவிட்டது. நான் வைத்த காபி ஆறிப்போன பிறகும் கல்லீரலுக்கான 'ஷ்ஷ்ஷ்' முடியவில்லை.