அவள் மடிக்காத சட்டைகள்

கல்யாணமாகி நாற்பதாம் நாள் அவள் ஒரு பொய் சொன்னாள். வாயைக்கூடத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடித்துவிட்டு வந்தால் வீட்டில் கைக்குட்டை மடிக்கக்கூட மனசு வராது. அவன் பல்செட் செய்யும் கூடத்தில் இருந்தான். சட்டைக் கையெல்லாம் வெள்ளைத் தூள். வேறு வேறு நாடு, வேறு வேறு மொழி. பிழைக்க வந்த மூன்றாவது நாட்டில் நாலாம் மாடியில் குடித்தனம். அவளிடம் கேட்டுக் கேட்டே அவன் தமிழ் பழகியிருந்தான்.

அன்று காலை அலமாரியைத் திறந்தவன் அசந்து நின்றான். ஆறு சட்டைகள். தூசு தட்டி, தேய்த்து, விளிம்பு பிசகாமல் மடித்து. அறுந்த பொத்தான்கூடத் தைத்திருந்தது.

"நீயா செஞ்சே?"

அவன் முகம் அப்படி மலர்ந்திருந்தது. தலையாட்டிவிட்டாள்.

"ரொம்ப நன்றி."

அவன் வீட்டில் டம்ளரை நகர்த்திக் கொடுத்தாலும் நன்றி சொல்வார்கள். அவள் ஊரில் நன்றி என்பது கூட்டத்தில் மைக் பிடித்தவர் கடைசியில் சொல்வது.

"நன்றியுரை முடிஞ்சுதா? எல்லாரும் கலைஞ்சு போலாமா?" என்றாள்.

மறுநாள் காலுறைகள். அதற்கடுத்த நாள் கோட்டின் கிழிந்த உள்துணி. அவன் நன்றி சொல்லச் சொல்ல வேலை கூடிக்கொண்டே போனது. யார் செய்கிறார்கள் என்று ஒரு ஞாயிறு மதியம் பார்த்துவிட்டாள். நாற்காலியில் கிடந்த அவன் சட்டையில் ஊசி தானாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிடித்த கை இல்லை. தையல் முடிந்ததும் கழுத்துப்பட்டையை யாரோ தடவிவிட்டதுபோல் துணி மெல்ல அமிழ்ந்து எழுந்தது. இரண்டு முறை.

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது வயிற்றெரிச்சல். அந்தத் தடவலில் இருப்பது ஒரு பெண் என்பது பெண்ணுக்குத் தெரியாதா?

அம்மாவிடம் போனில் பாதியை மட்டும் சொன்னாள். "எதுக்கெடுத்தாலும் நன்றிங்கறாரும்மா."

"உங்கப்பா முப்பது வருஷத்துல ஒரு தடவை சொன்னதில்ல. நான் என்ன தேஞ்சா போயிட்டேன்? வேணாம்னு சொல்லிடு."

சொல்லிவிட்டாள். "எங்க பக்கம் புருஷன் பொண்டாட்டிக்குள்ள நன்றி கிடையாது. அன்னியமா இருக்கு. இனிமே சொல்லாதே."

அவன் பாவம், கட்டுப்பட்டான். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் அவளுடைய ரவிக்கையின் கைகள் இரண்டும் வாய்மூடித் தைக்கப்பட்டிருந்தன. ஐந்தாம் நாள் அவள் கோட்டுப் பைகள். அவனுடையதில் ஒரு நூலும் பிசகவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தாள். நன்றி கிடைக்காமல் அந்த ஊசிக்காரி தோற்கிறாள், எரிகிறாள், அப்படித்தான் வேணும் என்று நினைத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் விடுமுறை. சாப்பிட்டுக் கண்ணயர்ந்தவள் தலையைத் திருப்பப் பார்த்தாள். முடியவில்லை. கூந்தல் மொத்தமும் தலையணையோடு தைத்திருந்தது. பொடிப்பொடித் தையல். ஊசி இன்னும் நிற்கவில்லை. காதோரம் குத்தி, இழுத்து, குத்தி வந்தது.

அவள் அலறலில் அவன் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தான். கத்தரிக்கோலை வைத்து அழுத்தினான். நூல் வளைந்ததே தவிர அறவில்லை.

"என்ன இது? யாரு?"

ஊசி காது மடலைத் தொட்டது. ரத்தம் கழுத்தில் இறங்கியது. அவளுக்குத் தெரியும், என்ன சொன்னால் நிற்கும் என்று. சொன்னால் அவன் பார்வை எங்கே போகும் என்பதும் தெரியும். இன்னொரு குத்து தாங்கினாள். அதற்குமேல் முடியவில்லை.

"நான் செய்யல. அந்தச் சட்டைங்க. நான் பொய் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாம ஒருத்தி இருக்கா. எல்லாம் அவதான் செஞ்சா."

ஊசி நின்றது.

நூல் தொய்ந்தது. அவன் வெட்டத் தொடங்கினான். நூலோடு கொத்துக்கொத்தாக முடியும் வந்தது. அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"காலுறை?"

"அவதான்."

"கோட்டு?"

"எல்லாமேதான். எனக்கு ஒரு பொத்தான் தைக்க வராது."

அவன் கத்தரிக்கோலை அவள் மடியில் வைத்துவிட்டு எழுந்தான். அலமாரிப் பக்கம் திரும்பினான். தமிழில் சொல்லவில்லை. அவன் தாய்மொழியில், தலையைத் தாழ்த்தி, ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி நிதானமாகச் சொன்னான். அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதில்லை. மேலே தொங்கிய சட்டையின் கழுத்துப்பட்டை மெல்ல அமிழ்ந்து எழுந்தது.

"இன்னிக்கே வீட்டைக் காலி பண்ணணும்" என்றாள் அவள். காதைப் பொத்திய கை நனைந்திருந்தது. "கேக்குதா? இன்னிக்கே."

அவன் அவளைப் பார்த்தான். அப்புறம் அலமாரியைப் பார்த்தான்.

"போலாம்" என்றான். "ஆனா பாவம், அவங்க தனியா இருப்பாங்களே."

அவள் கத்தரிக்கோலை இறுக்கிப் பிடித்தாள்.