பாவாயி குதித்த கிணறு

தண்ணீரைக் கண்டால் பாவாயிக்குப் பயமாம். சொன்னவர் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன்தான். அதுவும் உள்ளூரில் அல்ல, இத்தாலியில். 1984 கோடையில் திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டி முதலாளிகள் சிலர் குடும்பத்தோடு அங்கே சுற்றுலா போயிருந்தார்கள். நாளுக்கொரு கடலோரக் கிராமம் பார்ப்பது ஏற்பாடு.

முதல் ஊரில், கூட வந்த சாரதாமணி, "அக்கா, தண்ணியில எறங்கலாமுங்களா?" என்று கூப்பிட்டாள். பாவாயி செருப்பைக் கழற்றுவதற்குள் சென்னியப்பன் முந்திக்கொண்டார்.

"ஐயோ, அவளுக்குத் தண்ணின்னாலே ஒதறலுங்க."

பெண்டாட்டி ஈரச் சேலையோடு நிற்பதைக் கூட வந்த முதலாளிகள் பார்த்தால் கௌரவம் என்னாவது? அதற்காக ஒரு பொய். அடுத்த ஊரிலும் அதே பொய். எல்லாரும் சிரித்தார்கள், பாவாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வராதா பின்னே? முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி அப்பன் கிணற்றில் தள்ளிவிட்ட வயசிலேயே நீச்சல் பழகியவள் அவள். மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதித்து அடிமண்ணை அள்ளிக்கொண்டுதான் மேலே வருவாள். வாழ வந்த ஊரிலும் நல்ல கிணறு இருந்தது. சென்னியப்பன் வண்டி வாங்கிக் காடு தோட்டமெல்லாம் ஆழ்துளை போட்ட பிறகு அதில் ஒரு தவளைக்குக்கூடத் தண்ணீர் இல்லை. அந்தத் துளைகள் கொடுத்த வசதிதான் இப்போது அவளை இத்தாலிவரை கூட்டி வந்திருந்தது.

கடைசி ஊர். விடிந்தால் விமானம் ஏற வேண்டும். மலைச்சரிவில் சாயமேற்றிய நூல்கண்டுகளை அடுக்கினதுபோல் வீடுகள். கீழே ஒரு பாறை. அதிலிருந்து உள்ளூர்ப் பெண்கள் கடலில் குதித்துக்கொண்டிருந்தார்கள். பாவாயி எட்டிப் பார்த்தாள். நல்ல ஆழம், தெளிந்த தண்ணீர். இதையும் விட்டுவிட்டால் பயந்தாங்கொள்ளி என்ற பேரோடுதான் ஊர் திரும்ப வேண்டும்.

"அக்கா, ஓரமாப் போவாதீங்க, மயக்கம் வந்துரும்" என்றாள் சாரதாமணி, நிஜமான அக்கறையோடு.

அவ்வளவுதான். தாலிக்கொடியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டினாள் பாவாயி.

"ஏ புள்ள! என்ன பண்ற?" என்று ஓடி வந்தார் சென்னியப்பன்.

"கெணத்துல குதிக்கப் போறனுங்க மாமா."

கடல் என்று சொல்லத்தான் நினைத்தாள், வாய் பழக்கம் விடவில்லை. தொபீரென்று ஒரே சத்தம். ஆளைக் காணோம். நீச்சல் தெரியாத சென்னியப்பன் தலையில் கை வைத்துப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தூரத்தில் தலை தெரிந்தது. ஒரு கையில் அடிமணல். "தூ, உப்பு!" என்று துப்பிவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாள். உள்ளூர்ப் பெண்கள் கை தட்டினார்கள்.

"ஏனுங்ண்ணா, அக்காளுக்கு ஒதறல்னீங்க?" என்று கேட்டாள் சாரதாமணி.

சென்னியப்பன் பேச்சை மாற்றப் பார்த்தார். தொழில் புத்தி கை கொடுத்தது. "புள்ள, எத்தனை அடி இருக்கும்?"

"எத்தனை அடியா இருந்தா என்னங்க? இந்தக் கெணத்த உங்க வண்டியால வத்த வெக்க முடியாதுங்க!"

சொல்லிவிட்டு மல்லாந்து படுத்து நீந்தினாள்.