38.2-லேயே நின்ற திரை

அடைமழை. இந்த ஈரத்தில் மருந்து முக்கிய தீக்குச்சி லேசில் காயாது. அதனால் எங்கள் தீப்பெட்டி ஆபீஸில் உலர்த்தும் அறையின் ஹீட்டரைக் கூட்டி நாற்பத்தைந்து டிகிரி வரை ஏற்றுவோம். உள்ளே இருக்கும் கருவி சூட்டை அளந்து, வயர் வழியாக வெளியே உள்ள கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அந்தக் கம்ப்யூட்டர் நான் வேலைக்குச் சேரும் முன்பே வந்தது. தூக்கிப்போட முதலாளிக்கு மனசு வராது.

முதலாளியின் மருமகன் யோகராஜ் கம்ப்யூட்டர் படித்தவன், பொறுமை கிடையாது.

"வயர்ல எண்ணு போற வேகத்த 9600-லயே வச்சிருக்காவ அக்கா, டவுன் பஸ் மாதிரி. 115200 வரைக்கும் போகலாம்" என்று காலையில் கருவியிலும் கம்ப்யூட்டரிலும் வேகத்தைக் கூட்டினான்.

"ஓடுதத ஏன் தம்பி நோண்டுதீங்க?" என்றேன். சிரித்தான்.

திரையில் 38.2. ஹீட்டரைக் கூட்டினான். 38.2. "ஈரம் ஜாஸ்தி, ஏற மாட்டேங்கு" என்று இன்னும் கூட்டினான். தீக்குச்சி அடுக்கிய சட்டங்களைத் திருப்பிப் போட என் மகள் பொன்மணி உள்ளே போனாள்.

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கடைசி இலக்கம் ஒரு நாளும் சும்மா இருக்காது, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இன்று செத்துக் கிடந்தது.

"ஏட்டி பொன்மணி! வெளிய வாட்டி!"

கதவுக் கைப்பிடி உள்ளங்கையைச் சுட்டது. திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. அவள் தாவணியைப் பிடித்து வெளியே இழுத்தேன். அவள் கால் வாசலைத் தாண்டியதுதான் தாமதம், ஹீட்டர் பக்கத்துச் சட்டம் 'குப்'பென்று பற்றியது. அடுத்தது, அதற்கடுத்தது. அடிப்பாவி மகளே, ஒரு நிமிஷம் பிந்தியிருந்தால்! எல்லாரும் முற்றத்து மழைக்கு ஓடினோம்.

யோகராஜுக்குப் பேச்சு குழறியது. "வயர் வந்து சேருத போர்ட்டு பழசுக்கா. ஒரு எழுத்துக்குத்தான் எடம். வேகத்தக் கூட்டுனதும், கம்ப்யூட்டர் அத எடுக்குமுன்ன அடுத்தது வந்து விழுந்து அழிச்சிருது. ஒடைஞ்சு வந்த எண்ண எல்லாம் புரோகிராம் தள்ளிட்டு, கடேசியா முழுசா வந்தத மட்டும் காட்டிக்கிட்டே இருந்திருக்கு. எனக்குத் தோணலக்கா."

பொன்மணி என் தோளில் சாய்ந்திருந்தாள், தாவணி முனை கருகியிருந்தது. ஜன்னல் வழியே திரை தெரிந்தது. அறை எரிந்துகொண்டிருக்க, அது 38.2 என்றே காட்டிக்கொண்டிருந்தது.