நடுச்சுவர்ப் பஞ்சு

எடை அளவு ஆய்வாளராகக் கடைத்தெருத் தராசுகளையெல்லாம் உலுக்கிவிட்டு ஓய்வுபெற்ற அண்ணன், அடுத்துத் தன் வீட்டைப் பிடித்துக்கொண்டார். குளிர் மிகுந்த மலைநகரில் அப்பா விட்டுப்போன பழைய வீடு அது. நடுவில் சுவர் எழுப்பி அண்ணனும் தம்பியும் ஆளுக்குப் பாதியாக இருந்தார்கள். அண்ணன் தன் பாதியைப் புதுப்பிக்கும்போது, குளிர் தாக்காமலிருக்கச் சுவர்களுக்குள் பஞ்சு அடைக்கவும் ஆள் கூப்பிட்டார்.

"வெளிச்சுவருக்கு மெலிசா போதும். இந்த நடுச்சுவருக்கு மட்டும் ரெண்டு மடங்கா அடைங்க" என்றார்.

மனைவிக்கு விளங்கவில்லை. "அந்தப் பக்கம் என்னங்க பனியா கொட்டுது? உங்க தம்பிதானே இருக்காரு?"

"அதான் சொல்றேன். நம்ம சூடெல்லாம் இந்தச் சுவர் வழியா அவன் வீட்டுக்குப் போகுது. இத்தனை வருஷமா ஓசியில குளிர்காயறான்."

"நீங்க ஹீட்டர் போட்டாத்தானே போறதுக்கு?"

அவர் ஆட்களை வேலை தொடங்கச் சொன்னார். வேலை நடந்தபோது பக்கத்திலேயே காவல் நின்றார். ஒரு மூலையில் பஞ்சு தளர்ந்திருக்கிறதென்று, சுவரை மூடிய பலகையைப் பிரிக்கவைத்து மறுபடி திணிக்கச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் சுவரில் காதை வைத்துப் பார்த்தார். தம்பி பிள்ளைகளின் கூச்சல்கூடக் கேட்கவில்லை. மனசு குளிர்ந்தது.

பனிக்காலம் வந்ததும் உடம்பும் குளிர்ந்தது. முன்பெல்லாம் ஒரு போர்வையே போதுமாக இருந்தது; இப்போது குல்லா, கம்பளி, இரண்டு ஜோடி காலுறை என்று போட்டும் பல் தந்தியடித்தது. தம்பி வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது என்று பார்க்கப் போனார். தம்பி பனியனோடு உட்கார்ந்திருந்தான்.

"வாங்கண்ணா. நானே உங்களைப் பாக்கணும்னு இருந்தேன். சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடுன்னு நாள் பூரா ஹீட்டர் ஓடும். போன வருஷம் வரைக்கும் அந்தச் சூடெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. இந்த வருஷம் பாதியில வெச்சாலே போதும். எல்லாம் உங்க பஞ்சு பண்ண புண்ணியம்."

அண்ணன் வீடு திரும்பினார்.

"எப்படி இருக்கு அங்க?" என்றாள் மனைவி.

"ஒரே புழுக்கம். மனுஷன் இருக்க முடியாது."

"அப்ப நான் கொஞ்ச நேரம் புழுங்கிட்டு வரேன்" என்று நறுக்க வேண்டிய காய்களை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள்.

அவர் பஞ்சு அடைத்தவருக்குப் போன் போட்டார். "பிள்ளைங்க சத்தம் கேக்காம வீடு வெறிச்சுன்னு இருக்குப்பா. அந்த நடுச்சுவர்ப் பஞ்சை எடுத்துடலாமா?"

"தாராளமா எடுக்கலாம் சார். ஆனா சத்தம் கேக்காது. உங்க தம்பி அதே சுவர்ல அவர் பக்கமும் அடைக்கச் சொல்லியிருக்காரு. அண்ணன் செஞ்சது நல்லா இருக்குன்னாரு."

போனை வைத்துவிட்டு, தம்பி வீட்டில் தேவைப்படாதென்று மனைவி நாற்காலியில் கழற்றிப் போட்டிருந்த ஸ்வெட்டரையும் எடுத்து மாட்டிக்கொண்டார்.